எலுமிச்சைத் தொட்டியில் எச்சம் போல ஒரு புழு: மருந்து அடிக்கலாமா?

சத்துவாச்சாரியில் மாடிவீட்டில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. மொட்டை மாடியில் தொட்டியில் இரண்டடி உயர எலுமிச்சைக் கன்று, பக்கத்தில் கறிவேப்பிலைச் செடி. பத்து நாளாக எலுமிச்சையின் இலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சில இலைகளில் நடு நரம்பு மட்டும் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் இலைமேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது, தொட்டால் நகர்கிறது. பெரிதான புழு பச்சை நிறம்; குச்சியால் சீண்டினால் தலையருகே சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாறுகிறது. ‘அரிக்கும், மருந்து அடி’ என்கிறார் மாமியார். ‘பட்டாம்பூச்சி வரும், அடிக்காதே’ என்கிறாள் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள். இதற்கிடையில் ஒரு புழு நடந்து போய், மூலையில் சாய்த்து வைத்திருந்த தென்னந்துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த சருகு போல ஆகிவிட்டது. செடியை என்ன செய்வது, துடைப்பத்தை என்ன செய்வது என்பது கேள்வி.

மகள் சொல்வதுதான் சரி. மாமியாரையும் குறை சொல்ல மாட்டேன். முருங்கை மரத்தில் கும்பலாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி மேலே பட்டு, ஒரு நாள் முழுக்கச் சொறிந்தவர்களுக்குப் புழு என்றாலே உடம்பு நமைக்கும். அங்கே அரிப்பைத் தருவது அதன் மயிர். எலுமிச்சைப் புழுவுக்கு அந்த மயிர் கிடையாது. பச்சைப் புழுவைக் கையில் ஏறவிட்டுப் பாருங்கள்: குளிர்ந்த, மெத்தென்ற விரல் ஒன்று உள்ளங்கையில் ஊர்வது போல இருக்கும். கடிக்காது, கொட்டாது, அரிக்காது.

இது எலுமிச்சை அழகி. கறுப்புச் சேலையில் வெளிர் மஞ்சள் பொட்டுகளை வாரி இறைத்தது போன்ற இறக்கை, பின்னிறக்கையின் உள் மூலையில் செங்கல் நிறத்தில் ஒரு பொட்டு, விரித்தால் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர். நம் ஊரில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பெயர் தெரியாமல் பார்த்திருப்போம். இதன் நெருங்கிய உறவான கறிவேப்பிலை அழகிக்குப் பின்னிறக்கையில் வால் உண்டு, இதற்கு இல்லை. அறிவியல் பெயர் பாப்பிலியோ டெமோலியஸ். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்தது. அவர் இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் பலவற்றுக்கு கிரேக்கக் காவியங்களில் வரும் டிராய் யுத்தத்து வீரர்களின் பெயராகப் பார்த்துச் சூட்டினார். ஹெக்டர், பாலிட்டிஸ், டெமோலியஸ் எல்லாம் அந்த வரிசைதான். வடாற்காட்டில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் கர்ணனும் அபிமன்யுவும் அரவானும் இன்று நம் தோட்டத்தில் பறந்துகொண்டிருப்பார்கள்.

இந்தப் பூச்சியின் பிழைப்பு தளிரைச் சுற்றியே ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். ‘தெருவில் எத்தனையோ வீட்டில் செடி இருக்க, என் தொட்டிக்கு மட்டும் ஏன் வருகிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் வெயிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் மலைப்பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, இரவிலும் அனலை ஊருக்குள் தள்ளும். அந்த நாட்களில் வயலோரத்து விளாமரமும், தண்ணீர் காணாத நாரத்தையும் முற்றிய இலையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். புதிதாகப் பிறந்த குட்டிப் புழுவின் வாய்க்கு அந்தத் தோல் போன்ற இலை ஆகாது. நீங்களோ காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, வாரம் ஒருமுறை மண்புழு உரமும் போட்டிருக்கிறீர்கள். வெயில் காலத்திலும் பந்திக்கு இலை போட்டது போலப் பளபளவென்று தளிர் விட்டிருக்கும் செடி உங்களுடையது. ஆடி, ஆவணியில் மாலை இடிமழை பெய்து ஊரெல்லாம் துளிர்க்கும்போது பூச்சிகளின் எண்ணிக்கை பெருகும். ஆனால் செடிகளும் நிறைய இருப்பதால் பங்கு பிரிந்துவிடும்.

முட்டையிட வரும் பெண் பூச்சியைக் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் கவனியுங்கள். பூவுக்கு வருவதைப் போல நிதானமாக வராது. செடியைச் சுற்றிப் படபடத்து, ஓர் இலையில் கால் வைக்கும், எடுக்கும், இன்னொன்றில் வைக்கும். இறக்கை அடிப்பது நிற்கவே நிற்காது. முன்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறதே, அதுதான் ருசி பார்ப்பது. பட்டாம்பூச்சிகளுக்குச் சுவை உணரும் உறுப்பு கால் நுனியிலும் இருக்கிறது. இலையின் சாற்றில் இருக்கும் பொருள்களைக் காலால் அறிந்து, ‘இது நம் பிள்ளை தின்னும் இலை’ என்று தெரிந்த பிறகே அடிவயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டும். ஒன்றே ஒன்று. பிறகு அடுத்த தளிருக்கு, அல்லது அடுத்த வீட்டுக்கு.

அந்தப் பூச்சி காலால் அறிவதில் ஒரு பகுதியை நாம் கண்ணாலும் பார்க்கலாம். ஓர் எலுமிச்சை இலையைப் பறித்துச் சூரியனுக்கு எதிரே பிடியுங்கள். குண்டூசியால் குத்தியது போல இலை முழுக்க வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை வாசனை எண்ணெய் நிறைந்த சுரப்பிகள். கறிவேப்பிலையைப் பிடித்துப் பாருங்கள், அதிலும் இருக்கும். வில்வம், விளா, நாரத்தை, குருந்து எல்லாவற்றிலும் இருக்கும். எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். நம் சமையலறைக்கும் சிவன் கோயிலுக்கும் ஒரே குடும்பத்திலிருந்து இலை போகிறது என்பது இந்தப் பூச்சிக்கு எப்போதோ தெரிந்த விஷயம். அர்ச்சனைக்குப் பறித்த வில்வத் தளிரோடு ஒரு முட்டையும் சேர்ந்து சுவாமி பாதத்துக்குப் போவது நடக்காத காரியம் இல்லை.

முட்டை வெளிர் மஞ்சள், உருண்டை, சின்னக் கடுகு அளவு. நம் வெயிலுக்கு மூன்று, நான்கு நாளில் பொரிந்துவிடும். பொரிவதற்கு முன்பு நிறம் மங்கிக் கறுக்கும். வெளியே வந்த புழுவின் முதல் சாப்பாடு முட்டை ஓடு. அதைத் தின்ற பிறகே இலை.

இனி அந்த எச்ச வேடம். புழு முழுப் பருவத்தையும் எட்ட நான்கு முறை தோல் உரிக்கும். அதாவது ஐந்து பருவங்கள். முதல் நான்கிலும் அது கரும்பழுப்பு உடம்பும் இடையில் வெள்ளைத் திட்டும், ஈரம் காயாதது போன்ற ஒரு மினுமினுப்புமாக இருக்கும். மினுமினுப்புதான் நடிப்பின் உச்சம். வெள்ளையும் கறுப்பும் மட்டும் இருந்தால் காய்ந்த எச்சம். பளபளப்பு சேர்ந்தால் இப்போதுதான் விழுந்த எச்சம். இலைக்கு அடியில் ஒளிந்துகொள்வதும் இல்லை. இலையின் மேற்பரப்பில், நட்டநடுவில், எச்சம் எங்கே விழுமோ அங்கேயே உட்கார்ந்திருக்கும். கொண்டைக்குருவி பக்கத்துக் கிளையில் வந்து அமர்ந்து, நேராக அதைப் பார்த்துவிட்டு, வேறு இரை தேடிப் போவதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தன் இனம் போட்ட எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்?

ஆனால் எச்சத்துக்கு ஓர் அளவு உண்டு. இரண்டு அங்குல நீளத்தில் எச்சம் கிடந்தால் பறவைக்கே சந்தேகம் வரும். அதனால் நான்காவது முறை தோலை உரித்ததும் புழு வேடத்தை மாற்றிவிடுகிறது. காலையில் எச்சமாக இருந்தது மாலையில் பச்சைப் புழு. உங்கள் மகள் இதைப் பார்க்க விரும்பினால் ஓர் அடையாளம் சொல்கிறேன்: புழு ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தின்னாமல் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தால், தோல் உரிக்கத் தயாராகிறது. இலையில் மெல்லிய பட்டு நூலை நெய்து அதில் காலை ஊன்றியிருக்கும். அப்போது அதைப் பிய்த்து எடுத்தால் பழைய தோலிலிருந்து வெளியே வர முடியாமல் செத்துப்போகும். நோய் வந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

பச்சைப் புழுவின் தோள்பட்டை பருத்திருக்கும். அதில் கண் போல ஒரு குறி. நாம் தலை என்று நினைப்பது அந்தத் தோளைத்தான். உண்மையான தலை சிறியது, முன்னால் கீழே மடங்கி ஒளிந்திருக்கும். சீண்டினால் தோளைத் தூக்கி ஒரு குட்டிப் பாம்பு போலக் காட்டும். அதற்கும் அசராவிட்டால்தான் நீங்கள் பார்த்த கொம்பு. தலைக்குப் பின்னால் ஒரு பிளவிலிருந்து, கவை போல இரண்டாகப் பிரிந்த, ஈரமான, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த ஒரு சதை உறுப்பு சட்டென்று வெளியே வரும். கொம்பு என்கிறோமே தவிர, கையுறையின் விரலை உள்ளேயிருந்து வெளியே தள்ளுவது போலத்தான் அது வெளிவருகிறது. ஆபத்து போனதும் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். கூடவே ஒரு வாடை. எனக்கு அது அழுகிய பழமும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்தது போலத் தோன்றும்; என் மனைவிக்குப் புளித்துப்போன மோர். நமக்கு இது வெறும் நாற்றம். எறும்புக்கும் சிறு பூச்சிகளுக்கும் அது விரட்டு மருந்து. குருவிக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. அதனால்தான் குருவிக்கு வேடம், எறும்புக்கு நாற்றம் என்று இரண்டு ஏற்பாடு.

தின்பதைப் பற்றி ஒரு கணக்கு. நீங்கள் ‘பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, கடைசி இரண்டே நாளில் செடி மொட்டையாகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் நடக்கும். புழு வாழ்க்கை நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய இரண்டு வாரம். அதில் தின்னும் இலையின் பெரும் பங்கு, பச்சையாக மாறிய பிறகு வரும் கடைசி நாலைந்து நாளில் தின்பது. எச்சமாக இருக்கும் வரை ஓர் இலையின் ஓரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும். பச்சையானதும் வீட்டுக்கு வந்த பதினைந்து வயதுப் பையன் மாதிரி. அந்தப் பருவத்தில் முற்றிய இலையையும் விடாது, தாடை பலமாகிவிடும். தளிரைத் தேடிப் பிறந்தது கடைசியில் தளிரைத் தாண்டிப் போய்விடுகிறது.

பிறகு ஒரு நாள் தின்பதை நிறுத்தும். வயிற்றில் இருப்பதையெல்லாம் நீராகக் கழித்துவிட்டு நடக்கத் தொடங்கும். தங்கிய செடியிலேயே கூட்டுப்புழு ஆவதும் உண்டு. சுவர், ஜன்னல் கம்பி, துணிக்கொடி, உங்கள் துடைப்பம் என்று எங்காவது போய்ச் சேர்வதும் உண்டு. இடம் பிடித்ததும் வால் முனைக்கு ஒரு பட்டு முடிச்சு போட்டு ஊன்றிக்கொள்ளும். அடுத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டும். குழந்தைக்கு அரைஞாண் கட்டுவோமே, அதே இடம். தென்னை ஏறுபவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிச் சாய்ந்துகொள்வது போல அந்த நூலில் சாய்ந்து நிற்கும். ஒரு நாளில் தோல் உரிந்து கீழே விழ, உள்ளே இருந்தது கூட்டுப்புழுவாக இறுகிவிடும். இலைகளுக்கு நடுவே பச்சைத் தண்டில் இருந்தால் பச்சையாக, காய்ந்த குச்சியிலோ சுவரிலோ இருந்தால் பழுப்பாக. உங்கள் துடைப்பத்துக்காரர் தென்னங்குச்சியின் நிறத்துக்கே மாறிவிட்டது அதனால்தான். செத்துவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் மெதுவாக விரல் நுனியால் தொடுங்கள். உயிர் இருந்தால் வயிற்றுப் பக்கம் லேசாக நெளியும். ஒரு முறை போதும். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கூட்டுப்புழு காலம் வெயில் நாளில் எட்டு, ஒன்பது நாள். மார்கழிக் குளிரில் நாள் கூடும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை மொத்தமாகச் சூடான காலத்தில் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ப் பிரதேசங்களில் இரண்டு மாதம் வரை இழுக்கும்.

இறக்கை வெளிவருவதைப் பார்க்க விரும்பினால் விடிகாலையில் எழ வேண்டும். முந்தின நாள் மாலையே கூட்டின் மேல்தோல் கண்ணாடி போலாகி, உள்ளே கறுப்பும் மஞ்சளும் மடித்து வைத்த துணி போலத் தெரியத் தொடங்கும். அப்படித் தெரிந்தால் மறுநாள் காலை விருந்தாளி வருகிறார். தலைப்பக்கம் பிளந்து வெளியே வரும் பூச்சியைப் பார்த்து முதல் முறை பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பெரிய வயிறு, பிழிந்துபோட்ட கைக்குட்டை போல ஈர இறக்கை. அது உடனே மேலே ஏறி, இறக்கை தொங்கும்படி ஓர் இடம் பிடிக்க வேண்டும். வயிற்றிலிருக்கும் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் ஏற்றி ஏற்றி விரிக்கும். பதினைந்து, இருபது நிமிடத்தில் சுருக்கம் போய்விடும். பறக்கிற அளவுக்கு உலர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு சொட்டு கலங்கல் நீரைக் கீழே விடும். அது கழிவு, காயம் ஏதும் இல்லை.

இங்கே என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், வகுப்பில் காட்டலாம் என்று ஒரு கூட்டுப்புழுவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். காற்று போக ஓட்டை இருக்கிறது என்ற ஒரே நிம்மதி. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் பூச்சி ஏற்கெனவே வெளிவந்திருந்தது. வழுவழுப்பான கண்ணாடியில் கால் பிடிக்கவில்லை. ஏறித் தொங்க முடியாமல் அடியிலேயே கிடந்து, இறக்கை மடிந்த மடிப்போடு காய்ந்துவிட்டது. அதை நாம் இனி விரிக்க முடியாது. நாற்பது பிள்ளைகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், நாலாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் பாட்டிலில் வைத்ததில்லை. வளர்க்கத்தான் வேண்டும் என்றால் கொசுவலைத் துணி போட்ட கூடை, உள்ளே ஏறுவதற்குக் கரடுமுரடான குச்சி, பூச்சியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடம்.

பறக்கத் தொடங்கிய பிறகு அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். அதற்குள் தேன் குடிக்க வேண்டும், ஜோடி சேர வேண்டும், முட்டையிட வேண்டும். அதனால்தான் அந்த அவசரம். இது பூவில் உட்கார்ந்து ஆற அமரக் குடிக்கிற ஜாதி இல்லை. உன்னிப்பூவிலோ இட்லிப்பூவிலோ வாயை நீட்டியிருக்கும்போதும் முன்னிறக்கைகள் அடித்துக்கொண்டே இருக்கும், பின்னிறக்கைகள் மட்டும் அசையாமல் நிற்கும். செல்பேசியில் படம் எடுத்தால் பாதி மங்கலாகவே வரும். உங்கள் கை நடுக்கம் என்று வருந்த வேண்டாம். தெளிவான படம் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குப் புல்லிலோ தாழ்ந்த செடியிலோ இறக்கையை முழுக்கப் பரப்பி வெயில் காயும்போது எடுக்க வேண்டும்.

இன்னொரு வழக்கம் ஈர மண்ணை உறிஞ்சுவது. பாலாற்று மணலில் எங்காவது கசிவு இருந்தால், அமிர்தி ஓடையின் கரையில், ஏன், தண்ணீர் லாரி நின்று சிந்திய தெருவோரத்தில்கூடப் பார்க்கலாம். கூட்டமாக அமர்ந்து வாயை மண்ணில் ஊன்றியிருக்கும். தாகம் என்று நினைப்போம். அவை தேடுவது பெரும்பாலும் உப்பு. இலையிலும் தேனிலும் சோடியம் மிகக் குறைவு. மண்ணுக்கு வருவதும் பெரும்பாலும் ஆண்களே. பல பட்டாம்பூச்சி இனங்களில், ஆண் சேர்த்த உப்பு ஜோடி சேரும்போது பெண்ணுக்குப் போய், அங்கிருந்து முட்டைக்கும் போவதை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். சீர் கொண்டு வருவது அங்கே மாப்பிள்ளை வீட்டார்.

ஏலகிரிப் பக்கம் சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறக்கிற கறுப்பு, நீலப் பூச்சிகள் இவைதானா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. அவை வரியன்கள், வேறு குடும்பம்; உங்கள் எலுமிச்சையை ஏறெடுத்தும் பார்க்காது.

இத்தனை வேடமும் நாற்றமும் இருந்தும், இட்ட முட்டைகளில் மிகச் சிலவே பட்டாம்பூச்சி ஆகின்றன. முட்டைக்குள்ளேயே முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத குளவி இருக்கிறது. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும் குளவி இருக்கிறது. தோல் இன்னும் இறுகாத கூட்டுப்புழுவின்மேல் வந்து உட்கார்ந்து, அதனுள் முட்டையிடுகிற இன்னொரு குளவியும் இருக்கிறது. பத்து நாள் காத்திருந்த கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில், ஊசி முனைத் துளை வழியே ஒரு கூட்டம் குட்டிக் குளவிகள் வெளிவந்தால் மகள் அழுவாள். அழட்டும், ஆனால் அந்தக் குளவிகளும் பிழைக்கத்தானே வந்தன என்பதையும் சொல்லுங்கள். சிலந்தி, கும்பிடுபூச்சி, ஓணான், எறும்பு எல்லாம் தனி. அப்படி எல்லோரும் தின்னாவிட்டால் ஊரில் ஒரு கறிவேப்பிலைக் கொத்து மிஞ்சாது.

மிஞ்சாமல் போகும் ஊர்களும் உண்டு. இது ஆசியாவின் பூச்சி, நமக்கு உள்ளூர்க்காரர். 2004இல் இதை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், கரீபியக் கடல் நாடான டொமினிகன் குடியரசில் கண்டார்கள். சில ஆண்டுகளில் ஜமைக்கா, பியூர்ட்டோ ரிக்கோ என்று பரவிவிட்டது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டத்தை நம்பியிருக்கும் அந்த ஊர்களில் இது அழகி இல்லை, வேண்டாத விருந்தாளி. ஆஸ்திரேலியாவில் இன்னொரு வேடிக்கை: அங்கிருக்கும் இதே இனம் பெரும்பாலும் எலுமிச்சையைச் சீந்துவதில்லை, நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போகரிசியின் உறவுச் செடிகளைத் தின்று வளர்கிறது. ஒரே பூச்சி, ஊருக்கு ஒரு சாப்பாட்டுப் பழக்கம்.

சரி, செடிக்கு வருவோம். மருந்து அடிக்க வேண்டாம். வேப்பெண்ணெயும் வேண்டாம், ‘இயற்கைதானே’ என்று சொல்லி அடிப்பார்கள், அதுவும் புழுவைக் கொல்லும். வளர்ந்த எலுமிச்சை மரம் பத்துப் புழுவையும் தாங்கும், அதற்கு உறைக்கவே உறைக்காது. நாற்றங்காலும் இளங்கன்றும்தான் தாங்காது. பெரிய நாற்றங்கால்காரர்களுக்கே வேளாண்மைத் துறையினர் முதலில் சொல்வது கையால் பொறுக்கி எடுப்பதைத்தான். உங்கள் இரண்டடிக் கன்று என் அனுபவத்தில் இரண்டு புழுவை, மிஞ்சிப்போனால் மூன்றை முழுதாக வளர்த்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். மற்றவற்றை இடம் மாற்றுங்கள். மாற்றும்போது புழுவைப் பிடிக்க வேண்டாம். அது உட்கார்ந்திருக்கும் இலையைக் காம்போடு நறுக்கி, புதுச் செடியின் இலைக்கு மேல் வைத்துவிடுங்கள். பழைய இலை வாடினால் தானே இறங்கிப் போய்விடும். எலுமிச்சையிலிருந்து கறிவேப்பிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு வேளை முகத்தைத் திருப்பினால் கவலைப்படாமல் எலுமிச்சைக்கே திருப்பி விடுங்கள். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது பெரிய நாரத்தையோ வில்வமோ இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இலை போதவில்லை என்று காய்கறிக் கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போட்டுவிடாதீர்கள். அதில் மருந்து அடித்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. நாம் கழுவித் தாளித்துவிடுகிறோம், புழு கழுவாது. காலையில் போட்டு மாலைக்குள் எல்லாம் சுருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மொட்டையான கன்றைப் பிடுங்கிப் போட வேண்டாம். தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள்; இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, வேர் அழுகும். நடுப்பகல் வெயில் படாமல் இரண்டு வாரம் வையுங்கள். துளிர்த்துவிடும். துளிர்த்தால் மறுபடி அந்த அழகி வருவாள், அதையும் சொல்லிவிடுகிறேன். பழம் வேண்டுமென்றே வளர்க்கிறீர்கள் என்றால், துளிர் வரும் மூன்று வாரத்துக்குக் கன்றின்மேல் ஒரு பழைய கொசுவலையைப் போர்த்துங்கள். கறிவேப்பிலையைத் திறந்தே விடுங்கள். இலை முற்றியதும் வலையை எடுத்துவிடலாம். அவளுக்குத் தேவை தளிர், அது எந்தத் தொட்டியில் இருந்தால் என்ன.

கடைசியாகத் துடைப்பம். கூட்டுப்புழுவைப் பிய்க்காதீர்கள், அரைஞாண் நூல் அறுந்தால் தலைகீழாகத் தொங்கிவிடும். துடைப்பத்தை அப்படியே, சாய்ந்த கோணம் மாறாமல், மழைச்சாரலும் நேர்வெயிலும் படாத மூலையில் வையுங்கள். எறும்பு ஏறினால் அடியில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அதில் நிறுத்துங்கள். நீங்கள் எழுதியது மூன்று நாளைக்கு முன்பு என்றால் இன்னும் ஐந்தாறு நாள் இருக்கிறது. அதுவரை மாடியைக் கூட்ட மாமியாரிடம் வேறு துடைப்பம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.